பணிமனையில் இரண்டு நிமிடம்

கண்ணா,

காலில் கொப்புளம் ஆறிவிட்டதா? அப்பா ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய்.

போன செவ்வாய்க்கிழமை அவர் வேலை பார்க்கும் பஸ் பணிமனையில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கு மரியாதை செய்தார்கள். அங்கே படையில் இருந்தவர் அப்பா ஒருவர்தான். நானும் கூடப் போயிருந்தேன். மேனேஜர் மாலை போட்டுவிட்டு, "போர்ல உயிர்விட்டவங்களுக்காக ரெண்டு நிமிஷம் எல்லாரும் மௌனமா நிக்கணும்" என்றார். இன்ஜின்களை எல்லாம் நிறுத்தினார்கள்.

சத்தம் இருக்கும்வரை அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. அந்த அமைதி வந்ததும், "கத்தாதடா தம்பி, இதோ வந்துட்டேன்" என்றார், அங்கே இல்லாத யாரிடமோ. பிறகு மாலையோடு மண்டியிட்டு, கிரீஸ் படிந்த சிமெண்டுத் தரையைக் கையால் தோண்ட ஆரம்பித்தார்.

சுற்றி எண்பது பேர் தலைகுனிந்து நின்றார்கள். மௌனம் கலையக் கூடாதே என்று ஒருவரும் அசையவில்லை. நானும்தான், கண்ணா. நாலடி தூரம்தான் இருக்கும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்ததும் அவரே எழுந்தார். நகமெல்லாம் ரத்தம். எல்லோரும் கை தட்டினார்கள்.

பயிற்சி முடிந்து அடுத்த மாதம் எல்லைக்கு அனுப்புகிறார்கள் என்று நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "போக வேணாம்னு எழுதட்டுமாங்க?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார். வார்த்தை வரவில்லை.

எனக்கும் எழுத வரவில்லை. கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

உன் அம்மா