கல்லின் செம்மண் பக்கம்

அக்டோபர் 9, வியாழன்

மலையிலிருந்து இறங்கி வந்ததும் வராததுமாக பாக்கிஸ் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தான். எல்லாம் அந்தக் கல் குவியல்களைப் பற்றித்தான். டூரிஸ்டுகள் போட்டோவுக்காக ஓக் காட்டுக்குள் கண்ட இடத்தில் கல்லின் மேல் கல்லாக அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அடுத்து வருகிறவன் அதை வழிக்குறி என்று நம்பிப் பாதையை விட்டு விலகுகிறான். இந்த மலையில் விலகினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியுமா? மழை அரித்து அரித்துச் சுண்ணாம்புப் பாறை முழுக்கப் பொத்தல். சில குழிகளில் கல்லைப் போட்டால் விழுந்த சத்தமே மேலே வராது. வாயில் புதர் மண்டிக் கிடந்தால் ஆடுகூட ஏமாந்துபோகும்.

"அவங்க நடக்க வந்தாத்தானே வழிகாட்டிக்குப் பொழப்பு?" என்று சீண்டினேன்.

"நடக்கட்டும், யாரு வேணாங்கறா? வீடு கட்டி வெளையாட வேற எடம் பாக்கட்டும். நீயும் மேல வந்தீன்னா, பெயிண்ட் குறி இல்லாத குவியல் எதப் பாத்தாலும் எத்தித் தள்ளு, பொனாரியா. பட்டணத்துக் காலுக்கு அந்த வேலையாச்சும் கெடைக்கட்டும்."

கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் என் புருஷனுக்கு நான் பட்டணத்துக்காரிதான். சூப்பை ஊற்றினேன். வாயை மூடிக்கொண்டு குடித்தான்.

அக்டோபர் 11, சனி

மதியம் முதல் மூடுபனி. கொழுக்கட்டைக்குக் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது விடுதிக்காரர் போன் செய்தார். காலையில் குழிப் பாதைக்குப் போன இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லையாம். பாக்கிஸ் உடனே பூட்ஸை மாட்டினான்.

"இந்தப் பனியில தனியாவா?"

"அந்த வழி கண்ண மூடிக்கிட்டுப் போவேன். எட்டு மணிக்குள்ள வந்துடுவேன். நான் வந்தப்புறம் கொழுக்கட்டையத் தண்ணியில போடு, கொழஞ்சிடப் போவுது."

எட்டு தாண்டிவிட்டது. தண்ணீர் கொதிப்பதும் ஆறுவதுமாக இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

அந்த இரண்டு பேரும் நேற்றே தாங்களாக இறங்கி வந்து, பக்கத்து ஊரில் பிட்சா தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பாக்கிஸ் வரவில்லை.

மீட்புக் குழு வருவதற்கு முன்னால், விடியும்போதே நான் ஏறிவிட்டேன். "போகாதீங்க அண்ணி, அப்புறம் உங்களையும் சேத்துத் தேடணும்" என்றாள் அவன் தங்கை மல்லேனா. கேட்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது.

பழைய ஆட்டுக் கொட்டிலைத் தாண்டியதும், பாதையை விட்டு உள்ளே ஒரு குவியல். மூன்று கல். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. பெயிண்ட் இல்லை. மேல் கல்லில் செம்மண் ஈரம்கூடக் காயவில்லை. நேற்று அடுக்கியது! அந்த இரண்டு பேர் வேலையாகத்தான் இருக்கும். இவர்களைத் தேடித்தானே அவன்... உதைத்தேன். அடுத்ததையும் உதைத்தேன். அதற்கடுத்ததையும். அழுதுகொண்டே உதைத்தேன். பாழாப் போனவங்களா, உங்க போட்டோவுக்கு என் குடும்பந்தானா கெடச்சுது?

அதற்கு மேல் பனியில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிவிட்டேன். கால்விரல் வீங்கியிருக்கிறது. எப்படி என்று யாரிடமும் சொல்லவில்லை. மல்லேனா கேட்டால் பைத்தியம் என்பாள்.

அக்டோபர் 13, திங்கள்

மழை. ஹெலிகாப்டர் வந்து சுற்றிவிட்டுப் போயிற்று. மரங்களுக்கு அடியில் இருப்பது அதற்கு என்ன தெரியும்? நாய்களாலும் முடியவில்லை. வாசனையை மழை கழுவிவிட்டதாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் நானும் மல்லேனாவும் தேடப் போகிறவர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். இன்று எல்லோரும் கீழ்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள் என்றாள். மேலே ஏன் விட்டுவிட்டார்கள் என்று கேட்டேன்.

"அண்ணன் மேல போகவே இல்ல அண்ணி. போயிருந்தா கல்லத் திருப்பி வச்சிருப்பான்ல?"

"என்ன கல்லு?"

"என்ன கல்லா? பாதைய விட்டு உள்ள போறவன் மூணு கல்லு வச்சு, மேல் கல்லோட மண்ணுப் பக்கத்த வெளிய காட்டி வைப்பான். நான் இப்படித்தான் போறேன், பின்னால வாங்கன்னு அர்த்தம். ஆடு மேய்க்கிற வீட்டுல பொறந்தவனுக்கு இதுகூடவா மறக்கும்? ரெண்டு நாளா நம்ம ஆளுங்க தேடிட்டாங்க. ஒரு செவப்புக் கல்லுகூட இல்ல."

இருபது வருஷம். எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

"நான் உதைச்சுட்டேன் மல்லேனா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "கொட்டிலுக்கு அந்தப் பக்கம். செவப்பாத்தான் இருந்துச்சு. டூரிஸ்டுங்க வச்சதுன்னு... நான்தான் எல்லாத்தையும்..."

அவள் பார்த்த பார்வை. அடித்திருந்தால்கூடத் தேவலை. கீழே கிளம்பிய வண்டிகளை நிறுத்த ரோட்டுக்கு ஓடினாள்.

என்னையும் மேலே கூட்டிப்போனார்கள். எந்த இடம், எந்த மரம் என்று கேட்டார்கள். எல்லா மரமும் ஒன்றுபோல இருந்தது. இங்கே என்றேன், இல்லை அங்கே என்றேன். உதைத்ததெல்லாம் கல்லோடு கல்லாகக் கலந்து கிடந்தது. இருட்டுகிறவரை அலைந்தோம். ஏன் பாக்கிஸ், எத்தித் தள்ளு என்று சொன்ன வாயால் இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அக்டோபர் 15, புதன்

கொடி மூடிய ஒரு குழிக்குள் கண்டுபிடித்தார்கள். உயிர் இல்லை.

அக்டோபர் 18, சனி

அடக்கம் முடிந்தது. விழுந்த உடனேயே போய்விட்டான், வலிகூடத் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சொன்னது மல்லேனா. கண்டுபிடித்ததிலிருந்து அவள் என்னிடம் பேசியது இது ஒன்றுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

உடனே என்றால், நான் உதைத்ததால் ஒன்றும் மாறிவிடவில்லை. அப்படித்தானே? அப்படித்தான். இதைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன், எழுந்திருக்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எனக்கு முன்னால் நிற்பவர்கள் விலகி வழி விடுகிறார்கள், அவ்வளவுதான். இன்று வாங்காமலே திரும்பிவிட்டேன். யார் சாப்பிட?

நவம்பர் 1, சனி

இன்று ராத்திரி ஊர் வழக்கப்படி செத்தவர்களுக்காக மேசையில் சாப்பாடு வைக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து கொழுக்கட்டை மடித்தேன். கோதுமைக் கதிர் மாதிரி ஓரத்தைப் பின்னுவது இன்னும் எனக்குக் கைவரவில்லை. மல்லேனா வந்தாள். எதிரே உட்கார்ந்து, நான் மடித்ததையெல்லாம் பிரித்துச் சரியாக மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தண்ணீர் கொதித்ததும் போட்டேன். இந்தத் தடவை யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மீட்புக் குழுவின் லிபோரியு வந்தான். கயிறு கட்டி அந்தக் குழிக்குள் இறங்கியவன். பாக்கிஸின் மடக்குக் கத்தியைக் கொடுக்க வந்தானாம். அடுப்படியில் மல்லேனா காபி போட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளாக இப்படி வந்து, பேசாமல் ஏதாவது செய்துவிட்டுப் போகிறாள்.

"கடைசி வரைக்கும் மனச விடல அக்கா அவரு" என்றான் லிபோரியு. "கீழயும் மூணு கல்லு வச்சிருந்தாரு, செவப்புப் பக்கம் மேல. ஒடைஞ்ச காலோட எப்படித்தான் நகந்தாரோ..."

உள்ளே ஏதோ விழுந்தது. மல்லேனா வெளியே வந்தாள்.

"அண்ணிகிட்ட வாயத் தெறக்காதேன்னு உங்கிட்ட எத்தன தடவடா சொன்னேன்!"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"டாக்டர் என்ன சொன்னாரு மல்லேனா?"

"விடுங்க."

"எவ்வளவு நேரம் உயிரோட இருந்தான்?"

"யாருக்கும் தெரியாது அண்ணி. ஒரு ராத்திரியோ, கூடவோ. அத நான் மட்டும் சொமந்துக்கலாம்னு பாத்தேன்."

என்னைத் திட்டு, அடி என்று கேட்க நினைத்தேன்.

"ஆத்திரம் இன்னும் ஆறல" என்றாள் அவளாகவே. "ஆறுமான்னும் தெரியல. ஆனா அது வேற, இது வேற." காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கி என் முன்னால் வைத்தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் அடிக்கிற ஆட்டு மணி கேட்கிற காது அவனுக்கு.

நவம்பர் 16, ஞாயிறு

மல்லேனாவும் நானும் மேலே போனோம். அவள் முன்னால், நான் பின்னால். கொட்டிலைத் தாண்டியதும் ஒவ்வொரு இடமாக நின்று "இங்கயா?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

குழியைச் சுற்றிக் கம்பி கட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து இரண்டு கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் சிவப்பு.

"எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

மல்லேனா கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிவப்பைக் கீழே கவிழ்த்து வைத்தேன். இனி அவன் பின்னால் யாரும் போக வேண்டியதில்லை.