படத்தில் தெரிந்த சால்வை நுனி

அன்புள்ள நௌஷாத் அண்ணாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா சொல்லச் சொல்ல நாஜ்னீன் எழுதுவது. குன்னூரில் நாங்கள் இருவரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். ஷார்ஜா வெயில் உங்களை வாட்டாமல் இருக்க அம்மா தினமும் துஆ செய்கிறார்.

மாமா தன் போனில் அந்தக் கேமராப் படத்தைக் காட்டியபோது, என் முழங்கைக்குக் கீழே தொங்கிய பழுப்புச் சால்வையின் நுனிதான் முதலில் என் கண்ணில் பட்டது. அது என்னுடையது இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஸ்கூட்டர் உங்கள் பெயரில் இருப்பதால் ஹெல்மெட் போடாததற்கான அபராதமும் படமும் உங்கள் போனுக்கு வந்தன, நீங்கள் மாமாவுக்கு அனுப்பினீர்கள், மாமியும் பார்த்தார், இப்போது எங்கள் லைன் வீடுகளில் பார்க்காதவர் யாரும் இல்லை. எவன் பின்னாடி உக்காந்து ஊர் சுத்தறா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். இனி வர்க்கி பிஸ்கட் கடை வேலைக்குப் போக வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன்.

ஓட்டியவர் பக்கத்து வீட்டுச் சுடலை அண்ணன். அன்று காலையிலிருந்தே அம்மாவுக்கு மூச்சு இரைப்பு. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் நோயைச் சொல்லக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம், அத்தாவின் ஆபரேஷனைக்கூட நீங்கள் லீவில் வந்த பிறகுதான் சொன்னார்கள். இதையும் சொல்லாதே என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சீசன் சனிக்கிழமை, கீழிருந்து மேல் வரை கார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வரவில்லை, ஆட்டோக்காரர்கள் யாரும் வர ஒப்பவில்லை. சுடலை அண்ணன்தான், ஏனுங்க அக்கா, பஸ்ஸ நம்பி நின்னா மூச்சு இங்கயே நின்னு போயிரும், ஏறுங்க என்றார். பின்னால் உட்கார்ந்தால் விழுந்துவிடுவேன் என்று அம்மாவுக்குப் பயம், அதனால் அவரை நடுவில் உட்காரவைத்து, நான் கடைசியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து எடுத்த படத்தில் சுடலை அண்ணனின் ஹெல்மெட்டும் திரும்பிப் பார்க்கும் என் முகமும்தான் தெரிகின்றன. அபராதத்திலும் இரண்டு பேர் என்றுதான் இருக்கிறது.

நேற்றுதான் அம்மா அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறார். கேமராவுக்குத்தான் நான் தெரியல, சரி, அவன் வாங்கி அனுப்புன சால்வைகூடவா அவனுக்குத் தெரியல என்றார். கோபமாகச் சொல்லவில்லை, இருமிக்கொண்டே சொன்னார். இரைப்பு இப்போது குறைந்திருக்கிறது, மருந்து எடுக்கிறார், பயப்பட வேண்டாம்.

ஹெல்மெட் போடாதது என் தப்புதான், மூன்று பேர் போனதும் தப்புதான். வளைவுகளில் கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுடலை அண்ணன்தான் கேலி செய்கிறார், டூரிஸ்ட்காரங்க இ-பாஸ் எடுத்துட்டு வந்து நடு ரோட்டுல காரை நிறுத்தி குரங்குக்கு பிஸ்கட் போடலாமுங்க, அதுக்குக் கேமரா இல்லீங்க என்று. சீசன் நாளில் பஜாருக்குள் வரும் வண்டிக்குக் கட்டணம் வைக்கப் போவதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது, உண்மையா தெரியாது. காசு இருக்கறவன் கட்டிட்டு வருவான், நாம ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் யோசிக்கோணும் என்றும் அவரே சொல்கிறார். பஸ் ஒழுங்காக வந்தால் நாங்கள் ஸ்கூட்டரில் ஏறியிருக்க மாட்டோம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அம்மா உங்களுக்கு ஸலாம் சொல்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஃபஜ்ர் தொழுகையை விடாதீர்கள், அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும் என்கிறார். மறக்காமல் ஒன்று செய்யுங்கள். வண்டிப் பதிவில் இருக்கும் போன் நம்பரை அம்மாவின் நம்பருக்கு மாற்றிக்கொடுங்கள். இனி எங்கள் படம் முதலில் எங்களுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
அம்மா ஹாஜிராவுக்காக,
தங்கை நாஜ்னீன்

பி.கு. அந்தப் படத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, சால்வை நுனியைப் பேனாவால் வட்டமிட்டு உள்ளே வைத்திருக்கிறேன். லீவு முடிந்து ஷார்ஜா திரும்பும் உங்கள் நண்பர் ஷாருக்கின் வீட்டில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அப்படியே வர்க்கி கடை வேலைக்குப் போகிறேன்.