அளக்காத மூன்று பாத்திகள்

நேற்று விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ஒரு அம்மாள் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார், நம் பக்கத்து மல்லாட்டை. அந்த வாசனை பட்டதும், ஏற வேண்டிய பேருந்தை விட்டுவிட்டு நின்றேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை நீங்கள் கேட்க முடியாத காலத்தில்தான் எழுதத் துணிகிறேன்.

எண்பதுகளின் பிற்பாதி. திண்டிவனம் பக்கத்து விதை ஆராய்ச்சிப் பண்ணையில் நீங்கள் வயல் உதவியாளர், நான் கணக்கெடுக்கும் எழுத்தர். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் பயிற்சி என்று இருவரையும் அனுப்பினார்கள். ஏ.சி. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னபோது, "கும்புட்டுக்கினே உள்ள போலாமா சார்?" என்றீர்கள். எனக்குச் சிரிக்கக்கூடப் பயம்.

புள்ளிவிவரத்துக்கென்றே உள்ள கம்ப்யூட்டர் மொழி அது. அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் பெயர் வைத்து எண்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும். பிறகு ஒரே வரியில் சராசரி கேட்கலாம். வரி முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால் திரை முழுக்கப் பிழை. முதல் நாளே நோட்டில் எழுதிக்கொண்டேன்: அளக்காத இடத்தில் புள்ளி வை, சைபர் போடாதே. புள்ளியைச் சராசரியில் சேர்க்காது, சைபரைச் சேர்த்துவிடும்.

பழகிப் பார்க்க நம் பண்ணை விவரங்களையே கொண்டுபோனோம். ஆறு வருடம் நீங்கள் செடி செடியாகப் பொறுக்கி வளர்த்த மல்லாட்டை ரகமும் அதில் இருந்தது. முந்தி விளைந்ததால் அதன் மூன்று பாத்திகளைக் காட்டுப்பன்றிகள் கிளறிவிட்டன. எடை போடவே இல்லை. நம் பதிவேட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, காலி என்றால் சைபர். பத்து வருடப் பழக்கம். அந்தச் சைபர்களை அப்படியே அடித்தேன். உங்கள் ரகம் கடைசியில் வந்தது. அதிகாரி அந்தத் தாளைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனார், ரகத்தைக் கழித்துவிட்டார்கள்.

"கொத்துக் கொத்தா புடிச்சிருந்திச்சே சார்" என்றீர்கள். பிறகு நீங்களே, "மெசினுக்கு இன்னா, எம்மேல கோவமா? நாந்தான் ஆசைல தப்பா பாத்துக்கினு இருந்துட்டேன்" என்று முடித்துக்கொண்டீர்கள்.

இரண்டு நாள் கழித்து நோட்டைப் புரட்டும்போது அந்த வரி கண்ணில் பட்டது. தனியாக விழுப்புரம் போனேன். மூன்று சைபரையும் புள்ளியாக மாற்றி ஓட்டினேன். உங்கள் ரகம் முதலிடம்.

அந்தப் புதுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினால், கழித்த விதையை வேலையாட்களுக்காக அண்டாவில் அவித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த விதையில் கடைசி மூட்டை ஒன்று பக்கத்தில் அவிக்காமல் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்பாரே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. "துன்னுங்க சார், ஆறிடப் போவுது" என்று கை நிறையக் கொடுத்தீர்கள். நான் தின்றுகொண்டிருக்கும்போதே அந்த மூட்டையையும் பிரித்துக் கொட்டினீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் எந்தச் செடியையும் பொறுக்கி வைக்கவில்லை. சொன்ன வேலையைச் செய்தீர்கள். ஓய்வு பெற்றீர்கள்.

உங்கள் காரியத்துக்கு அந்தத் தாளோடுதான் வந்தேன். யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று. உங்கள் மகள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "அப்பா உங்களப் பத்தி சொல்லிக்கினே இருப்பாருங்க. அந்த சாரு மட்டும் சரியா கணக்குப் போட்டுக் காட்டலன்னா, ஒண்ணுத்துக்கும் ஒதவாத செடியக் கட்டிக்கினு அழுதிருப்பேன்னு" என்றாள்.

தலையை ஆட்டினேன். தாள் என்னிடம்தான் இருக்கிறது.