நாற்பத்தெட்டு எழுத்து விலாசம்

03.11.2024, ஞாயிறு. கீழக்கருவேலம்பட்டி.

காலையில் தூறி நின்றது. பாசிப்பயறு இரண்டு இலை விட்டிருக்கிறது. பத்து மணி பஸ்ஸில் பேத்தி சத்யபிரியா வந்தாள். கூட கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், ஒரு கம்பம், ஒரு பெட்டி. பெரிய கண்மாய்க் கரையில் நட்டார்கள். தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று அந்தப் பெட்டி கோவில்பட்டி ஆபீசுக்குச் சொல்லுமாம். சுற்றுவட்டத்தில் ஆறு கண்மாய்க்கு இப்படி வைத்திருக்கிறார்கள்.

பெட்டிக்குள் இருக்கிற வேலை என் பேத்தியுடையது. நான் அஞ்சாம் வகுப்பு. அவள் என்ஜினீயர். மகனும் மருமகளும் திருப்பூரில் கிடக்க, வளர்த்தது நான். பெருமைக்குத்தான் எழுதுகிறேன். இருக்கட்டும்.

10.11.2024, ஞாயிறு. கீழக்கருவேலம்பட்டி.

சத்யா வந்தாள். சாப்பிடும்போது கேட்டேன். "ஏட்டி, பெட்டிக்குள்ள நீ என்னதான் பண்ணிருக்கே? எனக்கு விளங்குத மாதிரி சொல்லு."

"பெட்டி ஆபீசுக்குக் கடுதாசி போடுதுன்னு வெச்சுக்கோங்க ஆச்சி. விஷயம் என்னமோ ரெண்டெழுத்துதான். ஆனா யாரு, யாருக்கு, எந்தக் கண்மாய், எத்தனாவது கடுதாசின்னு மேல விலாசம் மட்டும் நாப்பத்தெட்டு எழுத்து. லைனோ ஒத்தையடிப் பாதை. எழுத்தெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணாத்தான் போவணும். ஆறு கண்மாய்க்கும் அந்த ஒரே பாதை."

"விலாசம் என்ன, தினமுமா மாறுது?"

"அதான் ஆச்சி! மாறாததை எதுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பணும்? முதல்ல ஒருக்கா முழுசா அனுப்பிருவோம். வாங்குத பக்கம் ஞாபகம் வெச்சுக்கிடும். அப்புறம் மாறுனதை மட்டும் சொன்னாப் போதும். நாப்பத்தெட்டு எழுத்து விலாசம், இப்ப நாலு."

"வாங்குதவன் மறந்துட்டான்னா?"

"தினம் காலைல ஆறு மணிக்கு ஒருக்கா முழு விலாசம் போவும். அதுக்கு மேல போட்டா லைன் அடைச்சுக்கிடும்."

நாற்பத்தெட்டை நாலாக்கியிருக்கிறாள் என் பேத்தி! சாயங்காலம் எதிர்வீட்டுக் கோமதியம்மாளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு மட்டும் முழுசாக விளங்கியதா என்ன? ஆனாலும் சொன்னேன்.

இனி நானும் இந்த நோட்டில் அப்படித்தான். ஊர் பேர் எதற்கு, வருஷம் எதற்கு? மாறினால் எழுதிக்கொள்ளலாம்.

11.

மழை இல்லை. முட்டி வலி.

12.

அதே.

17.

கண்மாயைக் காத்து மடை திறந்து மூடுகிற நீர்ப்பாய்ச்சி வேல்சாமி கொழுந்தன் மழைக்காலம் முழுக்கக் கரையில்தான் கிடப்பார். பொழுது சாய்கையில் தெருத்தெருவாகச் சத்தம் கொடுத்துக்கொண்டு போவார். "கீழக்கருவேலம்பட்டி பெரிய கண்மாய்! இன்னைக்கு ஞாயித்துக்கெழம! தண்ணி அஞ்சடி!" இப்படி ஒவ்வொரு முக்கிலும். என் வீட்டு வாசலில் மட்டும் கூட ஒன்று: "மதினி, கேட்டுதா?" நான் "கேட்டுது" என்று சொன்னால்தான் நகர்வார். சொல்லும்வரை நிற்பார்.

இன்றைக்குக் கேலி பண்ணினேன். "கொழுந்தனாரே, நம்ம ஊருல நின்னுக்கிட்டு நம்ம ஊரு பேரை எதுக்குச் சொல்லுதிய? அஞ்சுன்னு சொன்னாப் போதாதா? எம் பேத்தி நாப்பத்தெட்டை நாலாக்கிட்டா, தெரியும்லா?"

"எங்க அப்பன் இப்படித்தான் சொல்லுவாரு மதினி," என்றார். சிரித்தார். சிரிப்பு ஒட்டவில்லை.

டிசம்பர் 2.

கோவில் மரத்தடியில் ஊர்க்கூட்டம். வேல்சாமியின் மகள் செல்வலட்சுமிக்குக் கயத்தாறில் பிரசவம் நெருங்குகிறது. "நான் போவணும். ஆனா மழைக்காலத்துல கரையை விட்டுட்டு எப்படிப் போவ?" என்று அவர் இழுத்தார். நான்தான் எழுந்தேன். "பெட்டி இருக்குல்லா? கோவில்பட்டியில இருந்தே எம் பேத்தி பாத்துச் சொல்லுவா. நீங்க தாராளமாப் போங்க."

அவர் என்னையே பார்த்தார். "அப்போ நான் எதுக்கு மதினி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

9.

வேல்சாமி கயத்தாறு போய்விட்டார். தண்ணீர் ஏறினால் மடைக் கதவைத் திருகித் திறக்கிற சாவியும் அவர் இடுப்பிலேயே போய்விட்டது. யாருக்கும் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தண்ணீர் ஆறடி என்று சத்யா போனில் சொன்னாள். கோமதியம்மாளிடம் சொன்னேன். அவள் தெருவுக்குச் சொன்னாள். போதாதா?

12.

விடிந்ததிலிருந்து ஊற்றுகிறது. வானம் கரிசல் மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. மத்தியானம் சத்யாவைக் கூப்பிட்டேன். ஏழடி என்றாள். கோவில்பட்டியில் கரண்ட் போய்ப் போய் வருகிறதாம்.

மூன்று மணிக்கு மனசு கேட்கவில்லை. கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைக்குப் போனேன். அளவுகல்லில் கடைசிக் கோடு பத்து. தண்ணீர் அதற்கு ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் கீழே நின்றது. ஒன்பதரை இருக்கும். கரையில் நின்றபடியே கூப்பிட்டேன்.

"ஏட்டி சத்யா, இங்கன ஒம்பதரை நிக்கி!"

"ஆச்சி, இங்க ஏழுன்னுதான் காட்டுது. மழையில போய் ஏன் அங்கன நிக்கிய? சறுக்கிருவிய. வீட்டுக்குப் போங்க."

"நல்லாப் பாருட்டி."

"பாத்துக்கிட்டுத்தான் ஆச்சி இருக்கேன். ஏழுதான். உங்களுக்கு வலது கண்ணுல பொரை இருக்குன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

சொன்னார்தான். மறுபடி கல்லைப் பார்த்தேன். மழைச்சாரலில் கோடு இரண்டிரண்டாகத் தெரிந்தது. அவள் படித்தவள். நான் அஞ்சாம் வகுப்பு. திரும்பிவிட்டேன்.

வழியில் இசக்கிமுருகன் குடையோடு வந்தான். "பெரியம்மா, கண்மாய் எப்படி இருக்கு? போய்ப் பாக்கவா?" என்று கேட்டான்.

"ஏழடிதான்" என்றேன். அவனும் திரும்பிவிட்டான்.

ஐந்தரைக்குக் கரை உடைந்தது.

தேதி தெரியவில்லை.

நாள்காட்டி ஊறிப்போய்விட்டது. வெள்ளியா, சனியா? கேட்கப் போகிற வாசலில் எல்லாம் பேச்சு நின்றுபோகிறது.

ஆள் சேதம் இல்லை. இருக்கிற சாமியெல்லாம் கும்பிட்டேன். கீழத்தெருவில் இடுப்பளவு வந்து வடிந்திருக்கிறது. பூவும் பிஞ்சுமாக இருந்த பாசியும் உளுந்தும் சேற்றுக்கு அடியில். வேல்சாமி வீடு கீழத்தெருக் கடைசி. பூட்டின வீடு. கொட்டிலில் கட்டின ஆடு ஏழு. இரண்டு சினை. காலையில் வந்து யாராவது தழை போடுவார்கள்; அந்நேரம் அவிழ்த்துவிட ஒருத்தரும் இல்லை. ஏழும் போய்விட்டன.

அவர் இருந்திருந்தால் — எழுத வரவில்லை.

மறுநாள்.

சத்யா வந்தாள். முழங்கால்வரை சேறு. நேரே கரைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். சோறு போட்டேன். கை வைக்கவில்லை.

"பெட்டி சரியாத்தான் சொல்லிருக்கு ஆச்சி. எட்டு, எட்டரை, ஒம்பது, ஒம்பதரை. எல்லாத்தையும் அனுப்பிருக்கு. அன்னைக்கு ஒரு மணிக்கு கரண்ட் போய் வந்ததுல ஆபீசுல வாங்குத மெஷின் எல்லாத்தையும் மறந்திருச்சு. முழு விலாசம் இல்லாம அந்த நாலெழுத்தோட மட்டும் வருதா, யாருதுன்னு தெரியாமத் தூரப் போட்டிருக்கு. கடைசியா வந்த ஏழு மட்டும் அப்படியே நின்னுருக்கு. அது எப்ப வந்த ஏழுன்னு நான் பாக்கல."

"மறந்துட்டேன், திரும்பச் சொல்லுன்னு அது கேக்காதா?"

"கேக்க வழி வெக்கல ஆச்சி. பெட்டிக்குச் சொல்ல மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் கேட்டுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. மறுநாள் காலைல ஆறு மணிக்கு முழு விலாசம் போவவும் திரையில சரியா வந்துச்சு, ஒரு அடின்னு." அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ஒரு நாளைக்கு ஒருக்கா போதும்னு வெச்சது நான்தான். நீங்க ஒம்பதரைன்னு சொன்னிய. அதையும் நான்தான் கேக்கல."

தலையைத் தடவக் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. நாற்பத்தெட்டை நாலாக்கிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்ன வாய் இது. ஒரு ஆறுதல் சொல்ல வரவில்லை.

17, செவ்வாய்.

இசக்கிமுருகனிடம் கேட்டுத் தேதியைச் சரிபண்ணிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'கல்லைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு உன்னிடம் ஏழு என்று சொன்னேன்' என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஆபீசில் சத்யாவுடைய மேலாளர் ஆறு பெட்டியையும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டாராம். குழாயடியில் ராதாமணி எனக்குக் கேட்கும்படி, "பெட்டி படிச்சிருக்கு, தண்ணிதான் படிக்கல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதிதான் நிறைந்திருந்தது.

20.

வேல்சாமி திரும்பிவிட்டார். பேரன் பிறந்திருக்கிறான். பேரனைப் பற்றி அவரிடம் யாரும் விசாரிக்கவில்லை. கொட்டிலைப் பார்த்தபடியே நின்றிருக்கிறார்.

22.

போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. சேற்றுச் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கொழுந்தனாரே, அன்னைக்குக் கல்லுல ஒம்பதரையை என் கண்ணால பாத்தேன். பாத்துட்டு ஊருக்கு ஏழுன்னு சொன்னேன். பேத்தி மேல தப்பில்ல. நான்..."

வாளியை வைத்தார். நிமிரவில்லை. "ரெண்டு சினை ஆடு மதினி," என்றார். மறுபடி கழுவ ஆரம்பித்தார். துடைப்பத்தை எடுக்கப் போனேன். "வேண்டாம்," என்றார்.

வந்துவிட்டேன்.

12.01.2025, ஞாயிறு. கீழக்கருவேலம்பட்டி, கடம்பூர் வழி.

இனி ஒவ்வொரு தடவையும் முழுசாகத்தான் எழுதுவது.

உடைப்பை மணல்மூட்டை போட்டு அடைத்தாகிவிட்டது. நேற்று ஒரு மழை. பொங்கலுக்குச் சத்யா வந்திருக்கிறாள். பெட்டியை மறுபடி ஓடவிட ஆபீசில் சம்மதித்துவிட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா முழு விலாசம் போகிறது. புது எண் வரவில்லை என்றால் திரையில் பழைய எண் நிற்காது, வெறுமையாகிவிடும். அந்தப் பக்கம் மறந்தால் திரும்பக் கேட்கவும் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறாளாம். லைன் அடைக்காதா என்று கேட்டேன். "அடைக்கத்தான் செய்யும் ஆச்சி," என்றாள். அதற்குமேல் விளக்கவில்லை. முன்னெல்லாம் விளக்குவாள்.

பொழுது சாய்கையில் வேல்சாமி சத்தம். கயத்தாறிலிருந்து வந்த பிறகு மேலத்தெருவோடு திரும்பிவிடுவார். இன்றுதான் எங்கள் தெருவுக்குள் வந்தார். "கீழக்கருவேலம்பட்டி பெரிய கண்மாய்! இன்னைக்கு ஞாயித்துக்கெழம! தண்ணி மூணடி!" ஒவ்வொரு முக்காக நெருங்கி வந்தது. சத்யா கையில் இருந்த போனைக் கவிழ்த்துவைத்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

என் வாசலுக்கு நேரே நின்று, ஊர் பேர், கிழமை, அடி எல்லாம் குறைக்காமல் சொன்னார். கடைசியில் ஒன்று சொல்வாரே, அதைச் சொல்லவில்லை. நடந்தார்.

"கேட்டுது," என்றேன்.

அவர் திரும்பவில்லை. என் சத்தம் அங்குவரை போனதா, தெரியவில்லை.

நாளைக்கும் வாசலில் நிற்பேன்.