நிமாய்தாவுக்கு நான் எழுதிக்கொடுத்த சீட்டு

என் நிமாய்தாவுக்கு,

உங்களால் படிக்க முடியாத மொழியில் எழுதுகிறேன். வங்காளத்தில்தான் தொடங்கினேன். இரண்டு வரியில் அது அலுவலகக் கடிதமாகிவிட்டது. வீட்டுத் தமிழில் எனக்குப் பொய் சொல்ல வராது.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும். பழசான நாற்பது கணினிகளைக் கழிக்கும் பட்டியல். போட்டால் அவை லாரியில் ஹவுராவுக்குப் போகும். பட்டறைகளுக்குப் பின்னால் அந்தச் சந்துக்கு. உங்கள் சந்துக்கு.

அலிப்பூரில் எங்கள் அலுவலக வாசல் நினைவிருக்கிறதா? தார்ப்பாய்க்குக் கீழே நீங்களும் உங்கள் தட்டச்சுப் பொறியும். படிப்பு முடித்த கையோடு, வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வந்தேன். அடித்து முடித்ததும் தாளைத் தரவில்லை. முழுவதும் உரக்க வாசித்தீர்கள். என் வயது, என் மதிப்பெண், அப்பாவின் துறைமுக உத்தியோகம், எல்லாவற்றையும் வரிசையே கேட்டது. எனக்கு எரிச்சல்.

"கேட்டுக்கோ. உன் பேர்ல உள்ளே போற விஷயம் முதல்ல உன் காதுல விழணும்" என்றீர்கள்.

எல்லோருக்கும் அப்படித்தான். வாசித்துக்காட்டாமல் ஒரு தாளையும் நீங்கள் கொடுத்ததில்லை.

அந்த விண்ணப்பத்தில் கிடைத்த வேலைதான் உங்கள் வேலையை எடுத்தது. மனுக்களைக் கவுன்டரிலேயே கணினியில் பதிவது. வாசலில் ஏழு பொறிகள் இருந்தன. இரண்டாயின. பிறகு வெறும் வாசல். உள்ளே வரிசை குறைந்தது, தரகர் தொல்லை குறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் எதையும் வாசித்துக்காட்டவில்லை. அச்சடித்து நீட்டினோம்.

உங்களுக்குக் கோபம் இருந்ததா? "என் தங்கச்சி தட்டினா சத்தமே வராது, திருட்டு வேலை மாதிரி" என்று கிண்டல்தான் செய்தீர்கள். பாய் ஃபோண்டா பண்டிகைக்கு வருடம் தவறாமல் வந்தீர்கள். உடன்பிறந்தவனுக்குச் சந்தனம் இடும் அந்த நாளில், உடன்பிறப்பில்லாத எனக்கு உங்கள் நெற்றிதான்.

பிறகு நான் செய்த நல்ல காரியம். எங்கள் முதல் கணினிகளைக் கழித்தார்கள். ஏலம் எடுத்தவருக்குப் பிரித்தெடுக்க ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் சும்மா இருந்தீர்கள். ஒரு சீட்டு எழுதினேன்: நம்பிக்கையான மனிதர், வேலை கொடுங்கள். மடித்து உங்கள் சட்டைப்பையில் நானே வைத்தேன். அதையும் வாசித்துக்காட்டவில்லை.

ஒயரைக் கொளுத்தினால் செம்பு கிடைக்கும் என்று தெரியும். ஜன்னல் இல்லாத அறையில் கொளுத்துவார்கள் என்று தெரியாது. தெரியாதா? கேட்கவில்லை. நான் விரல் வைத்துத் தட்டிய பொறிகளின் புகையைத்தான் நீங்கள் சுவாசித்தீர்கள்.

கடைசி பாய் ஃபோண்டா. இடதுகைச் சுண்டுவிரலால் சந்தனம் வைத்தேன். விரலை எடுத்தபோது நுனி கறுப்பு. குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்றீர்கள். இருமிக்கொண்டே சிரித்தீர்கள். அடுத்த வருடம் சந்தனம் இருந்தது, நெற்றி இல்லை.

இப்போது அந்தச் சந்தில் உங்கள் மனைவி, என் பௌதி, வேலை செய்கிறார். நேற்று பௌதி கவுன்டருக்கே வந்துவிட்டார்.

"இந்தத் தடவையும் பழைய கணினி லாட்டு எங்களுக்குத்தானே?"

புகையைப் பற்றிச் சொன்னேன். கொளுத்தாமல் உரிக்க முடியாதா என்று கேட்டேன்.

"நாள் பூரா உரிச்சா ஒரு கையளவு தேறும். முதலாளி அதுக்கா கூலி குடுப்பான்?" குரல் உயரவில்லை. "அவர் பொழைப்பை நிறுத்தினப்போ யாரையும் கேக்கல. இப்ப என் பொழைப்பை நிறுத்தவும் நீதானா?"

பின்னால் வரிசை நின்றது. பௌதி இருமினார். உங்கள் இருமல் அது. அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முறியும் இருமல்.

மேலதிகாரியிடம் போனேன். படிவத்தில் புகைக்குக் கட்டம் இல்லை என்றார். நீ போடாவிட்டால் வேறொருவர் போடுவார் என்றார். உண்மைதான். என் மறுப்பு யாரைக் காப்பாற்றும்? என் கையை மட்டுமா?

இரண்டு நாளாக யோசித்துவிட்டேன், நிமாய்தா. போட மாட்டேன். ஏன் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். கொளுத்தாமல் பிரிக்கும் இடத்துக்குத்தான் தர வேண்டும், இப்போது பிரிப்பவர்களையே அங்கே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நடக்குமா, தெரியாது. உங்கள் பெயரும் அதில் இருக்கிறது. நான் எழுதிய சீட்டின் கதையும்.

ஆனால் அந்தத் தாள் இன்னும் என் பையில்தான். நாளைக் காலைப் படகில் ஆற்றைக் கடந்து ஹவுரா போவேன். பௌதியை உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்பேன். திட்டட்டும். கிழிக்கச் சொன்னாலும் சொல்லட்டும். அவர் காதில் விழாமல் அந்தத் தாள் உள்ளே போகாது.

இது உங்கள் நெற்றியைத் தொட்ட விரல் மேல் சத்தியம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
அலிப்பூர் கவுன்டரிலிருந்து