கர்ஜலி மாகாணத்து மக்கள்தொகை

12 டிசம்பர் 1984

தலைமையாசிரியர் கோலெவ் கேட்ட பாடத்தை எழுதி முடித்தேன். பல்கேரியாவின் கர்ஜலி மாகாணம்: தெற்கே கிரேக்க எல்லை, குறுக்கே அர்தா ஆறு, சுற்றிலும் ரொதோபி மலை. நகரங்கள் ஐந்து. கிராமங்கள் நூற்றுக்கணக்கில், எங்கும் புகையிலை. மக்கள்தொகைப் பகுதியில் 'பெரும்பாலோர் துருக்கியர்' என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"ஏன் தோழர், பொய்யா?"

"பொய்னு யாரும்மா சொன்னா? எழுதாதேங்கறாங்க. எனக்கு ரெண்டு வருஷத்துல பென்ஷன், ஷெஃபிகா."

வீட்டில் முமுனிடம் சொன்னேன். என் கணவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்போ நான் தினமும் பஸ்ஸுல ஏத்திட்டுப் போறது யாரை? பேய்களையா?"

21 டிசம்பர்

முமுன் பாதி வழியில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். ஜெபெல் சாலை முழுக்க ராணுவ வண்டிகளாம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் துருக்கியர் எல்லோருக்கும் பல்கேரியப் பெயர் வைக்கிறார்களாம், துப்பாக்கி முனையில். தொலைபேசியும் செத்துவிட்டது.

25 டிசம்பர்

விடிந்தபோது ஊரைச் சுற்றி வீரர்கள். நாய்கள்.

27 டிசம்பர்

எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்று ஊர் மன்றத்தில் மேசை போட்டு என்னை உட்காரவைத்தார்கள். என் கையெழுத்து அழகாம். பக்கத்தில் பெயர்ப் பட்டியல். ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் எனக்கு: ஸ்தெஃப்கா. வரிசையில் வந்த யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செத்துப்போனவர்களுக்கும் பெயர் மாற்ற வேண்டுமாம். "எம் புருஷன் மண்ணுக்குள்ள கிடக்காரு. கூப்பிட்டா எழுந்து வரப்போறாரா?" என்றாள் பக்கத்து வீட்டு ஃபாத்மெ அக்கா. கன்னத்தில் அறைந்தார்கள்.

பிறகு முமுன்.

"புதுப் பேரு?" என்றான் அதிகாரி.

"முமுன்."

"புதுப் பேரு கேட்டேன்."

"காது கேக்கலையா? முமுன்."

துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். பட்டியலின் மேல் ரத்தமும் இரண்டு பற்களும். விழுந்தவனை மூன்று பேர் மிதித்தார்கள். விலா எலும்பு ஒடியும் சத்தம் — சுள்ளி ஒடிவது போலத்தான், அவ்வளவு சாதாரணமாக. அதிகாரி என் பக்கம் குனிந்தான். "நீங்க எழுதுங்க டீச்சர். எழுதின அடுத்த நொடி நிறுத்திடறோம்."

"எழுதாதே!" — முமுன்தான், தரையிலிருந்து.

எழுதினேன். மிலென். உடனே நிறுத்திவிட்டார்கள். சொன்ன சொல் தவறாதவர்கள்!

வேற என்ன செஞ்சிருக்க முடியும்? சாகட்டும்னு விட்டிருக்கணுமா?

30 டிசம்பர்

சூப் கொடுத்தால் குடிக்கிறான். என்னோடு பேசுவதில்லை.

9 ஜனவரி 1985

மதியம் வந்து முமுனை இழுத்துப்போனார்கள், படிகளில் தலை இடிக்க இடிக்க. தன்யூப் ஆற்றுத் தீவில் சிறையாம். வண்டிக்குப் பின்னால் ஓடினேன். நாயை அவிழ்த்துவிட்டார்கள். இடது கையில் பதினொரு தையல்.

போகும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

4 பிப்ரவரி

வகுப்பில் புதுப் பெயர்களை வாசித்தேன். ஒரு பிள்ளையும் 'உள்ளேன்' சொல்லவில்லை. பதிவேட்டை மூடிவிட்டுப் பழைய பெயர்களைக் கூப்பிட்டேன். முப்பத்தொரு குரல்.

5 பிப்ரவரி

வேலை போயிற்று. கோலெவ் வாசல்வரை கூடவே வந்தார், தலை குனிந்து.

17 ஜூன்

பார்க்க அனுமதி கிடைத்தது. இரண்டு நாள் பயணம்.

"யாரைப் பாக்கணும்?" என்றான் வாசல் காவலன்.

"முமுனை."

"அப்படி யாரும் இங்க இல்லையே."

"மிலெனை" என்றேன். கதவு திறந்தது.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பாதி ஆளாக உட்கார்ந்திருந்தான். என் கைத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

"எந்த வழியா வந்தே?" என்றான்.

சொன்னேன். ஊர் வளைவு, பாலம், அணைக்கட்டு, கர்ஜலி பஸ் நிலையம் — எங்கே யார் ஏறினார்கள், எங்கே யார் இறங்கினார்கள், ஒவ்வொருவராக, அவரவர் சொந்தப் பெயரை அடிக்குரலில் சொல்லி. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்தபோது நான் இன்னும் கர்ஜலிக்கு அடுத்த நகரமான ஹாஸ்கொவோவைத் தாண்டவில்லை.