மூன்று ஓட்டும் அறுபத்தொரு இடமும்

ஹைஃபா
28.10.2022

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் அம்மாவுக்கும் கேட்கும். அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நான் சுகம். செவ்வாய்க்கிழமை இங்கே நாடாளுமன்றத் தேர்தல். நாலு வருடத்துக்குள் ஐந்தாவது. நூற்றிருபது இடங்களில் அறுபத்தொன்று யாருக்கும் தனியாகக் கிடைப்பதில்லை. சின்னக் கட்சிகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒன்று கோபித்துக்கொண்டால் ஆட்சி சரிகிறது. நான் பார்த்துக்கொள்ளும் ரிவ்கா அம்மாவுக்குப் பிடித்தது ஒரு சின்னக் கட்சி. கணவர் யாக்கோவ் எதிரணி. நூற்றுக்கு மூன்றேகால் ஓட்டு வாங்காத கட்சிக்கு ஓர் இடமும் கிடையாது, உன் ஓட்டு வீண் என்று காலைச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறார். அந்த அம்மாவும் விடுவதில்லை.

அண்ணி தொப்பம்பட்டித் தாய்வீட்டிலிருந்து வந்துவிட்டார்களா? நான் இந்த வேலைக்கு வருவதற்காக உங்களிடம் மூன்று நாள் மல்லுக்கட்டியது அவர்கள்தான். அதை நினைக்காமல் நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை.

உங்கள் தங்கை,
ஐரின்

கன்னிவாடி
30.10.2022

பாசமுள்ள ஐரினுக்கு,

அம்மா நலம். அறிவுச்செல்வி வரவில்லை. பேரூராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்ற நான் தோற்றது மூன்றே ஓட்டில். ஜெயித்தவனுடைய கூட்டணிக் கட்சி ஒன்றுக்கு அவள் அப்பா கிளைச் செயலாளர். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். "அது சொல்ல மாட்டேனுங்க" என்றாள். உங்களுக்குத்தான் என்று சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? ஆறு மாதம் அவளோடு பேசாமல் இருந்தேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நீ அந்த வீட்டுச் சண்டையைப் பார். இந்த வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பண்ண வராதே.

சேவியர்

ஹைஃபா
4.11.2022

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபித்தாலும் எழுதுவேன். ரிவ்கா அம்மாவின் விரல்கள் நடுங்கும். இங்கே கட்சிக்கு ஒரு சீட்டு, அதை எடுத்து உறைக்குள் வைப்பதுதான் ஓட்டு. அவரால் தானாகச் சீட்டை எடுக்க முடியாது. துணைக்கு ஒருவர் மறைப்புக்குள் போகலாம் என்பதால் என்னைக் கூட்டிப்போனார். அவர் காட்டிய சீட்டை உறைக்குள் வைத்தேன். வெளியே வந்ததும் எந்தச் சீட்டு என்று யாக்கோவ் கேட்டார். நான் சொல்லவில்லை. அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. வேலை போய்விடும் என்றே பயந்தேன்.

நேற்று முடிவு வந்தது. யாக்கோவ் அணிக்கு அறுபத்துநான்கு. அந்த அம்மாவின் கட்சிக்குச் சில ஆயிரம் ஓட்டுக் குறைந்து ஓர் இடமும் இல்லை. ரிவ்கா அம்மா அழுதார். யாக்கோவ் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அன்றைக்கு உன்னிடம் கேட்டது தப்பு. ஆட்சி அமைக்க நூற்றிருபதில் அறுபத்தொன்று போதும். இந்த வீட்டுக்கு இரண்டில் இரண்டும் வேண்டும்."

அண்ணே, அண்ணி யாருக்குப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்காக உங்களையே எதிர்த்து நின்றவர்கள். அவர்கள் பயந்து சொல்கிற பதில் உங்களுக்கு எதற்கு?

ஐரின்

கன்னிவாடி
13.11.2022

ஐரின் கண்ணுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்று தடவை கோபம்தான் வந்தது.

நேற்று தொப்பம்பட்டி போனேன். மாமனார் கட்சிக்காரர்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் எதிரிலேயே சொன்னேன்: "ஓட்டக் கேக்க வரல அறிவு. உன்னயக் கூப்பிடத்தான் வந்தேன்."

பாப்பாவோடு வாசலுக்கு வந்தாள். பிறகு குனிந்து பாப்பாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, தங்கச்சி. அந்தப் பெரியவருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

திரும்பும் வழியில், அடுத்த தடவை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினால் தானே நிற்கப்போவதாகச் சொன்னாள். ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்கும்போது, எந்தக் கட்சி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அதையும் சொல்லோணுங்களா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லி, இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சேவியர்